கதையா, கதாபாத்திரமா? நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

நாவல் எழுதப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், இரண்டு விதமான யோசனை வந்து விழும். "முதலில் கதாபாத்திரங்களை உருவாக்கு, அவர்களுக்கு உயிர் வந்துவிட்டால் கதை தானாக நடக்கும்" என்பார் ஒருவர். "முதலில் கதையை முடிவு செய், ஒன்லைன் பலமாக இருந்தால் ஆட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் இன்னொருவர்.

முதல் யோசனையை நம்பியவர் ஒரு நோட்டு வாங்கி, நாயகியின் நட்சத்திரம், பிடித்த நிறம், படித்த பள்ளி, காபியா டீயா என்று பக்கம் பக்கமாக எழுதிவைப்பார். அதன் பிறகு அவளை எங்கே அனுப்புவது என்று தெரியாது. இரண்டாவதை நம்பியவரிடம் முப்பது அத்தியாயத்துக்கும் சுருக்கம் தயாராக இருக்கும். எழுத உட்கார்ந்தால், ஆட்கள் குறித்த நேரத்துக்கு வந்து, சொல்லிக்கொடுத்ததைப் பேசிவிட்டுப் போவார்கள். ஒருவர் பேசியதை இன்னொருவர் வாயில் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இந்தச் சண்டை ரொம்பப் பழையது. துன்பியல் நாடகத்தைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், கதைப்பின்னலுக்கே முதலிடம், கதாபாத்திரத்துக்கு அடுத்த இடம் என்றார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1884-இல் நாவல் கலையைப் பற்றி எழுதிய கட்டுரையில், இரண்டையும் பிரித்துப் பேசுவதே பொருளற்றது என்றார். சம்பவத்தை முடிவு செய்வது கதாபாத்திரம், கதாபாத்திரத்தை விளங்கவைப்பது சம்பவம் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் "இரண்டும் ஒன்று" என்று கேட்டுக்கொண்டதால் மட்டும் புதிதாக எழுதுபவருக்கு என்ன லாபம்? எந்த இடத்தில் ஒன்றாகின்றன, அந்த இடத்தில் எப்படிக் கை வைப்பது என்று தெரிய வேண்டும்.

பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால்

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் அதிகம். அந்த நேரம் பார்த்து சமையல்காரர் வந்து, பெண்ணின் அப்பா காதில் சொல்கிறார்: "ஐயா, சாம்பார் தட்டுது. அடுத்த பந்திக்கு வராது."

ஒரு அப்பா, "அண்டாவுல வெந்நீர ஊத்தி ரெண்டு கொதி விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்பார். இன்னொருவர், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சமையல்காரரிடம் கத்துவார். மூன்றாமவர் நேரே சம்பந்தியிடம் போய், "கொஞ்சம் தாமதமாகும், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மச்சானை ஹோட்டலுக்கு விரட்டுவார்.

நடந்தது ஒன்றே. ஆனால் முதல் அப்பாவின் கதையில் மூன்றாவது பந்தியில் யாரோ ஒரு பெரியவர், "இது சாம்பாரா ரசமா?" என்று சத்தமாகக் கேட்பார். இரண்டாமவரின் கதையில் சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வழி? மூன்றாமவரின் கதையில் அநேகமாக ஒன்றும் ஆகாது. நல்ல மனிதர், ஆனால் நாவலுக்கு இந்தப் பிரச்சினை போதாது, அவருக்கு இன்னும் கஷ்டமான ஒன்றைத் தேட வேண்டும்.

இப்போது சில சொற்களுக்குப் பொருள் வகுத்துக்கொள்வோம். நடந்தவை நடந்த வரிசையில் சொல்லப்பட்டால் அது கதை. சாம்பார் தீர்ந்தது, அப்பா கத்தினார், சமையல்காரர் போனார். அவற்றை "அதனால்" என்ற சொல் இணைத்தால் அது கதைப்பின்னல். அப்பா நாலு பேர் முன்னால் கத்தினார், அதனால் சமையல்காரர் போனார், அதனால் ராத்திரி விருந்து கேள்விக்குறியானது. கதைப்பின்னல் என்றால் திடுக்கிடும் திருப்பங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பமே இல்லாத நாவலிலும் பின்னல் இருக்கலாம். திருப்பத்துக்கு மேல் திருப்பம் வைத்த நாவலில் இல்லாமலும் போகலாம்.

அந்த "அதனால்" எங்கிருந்து வருகிறது? சாம்பார் தீர்ந்ததால் சமையல்காரர் போகவில்லை. அப்பா கத்தியதால் போனார். வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்.

இரண்டும் சந்திக்கும் இடம்

கதாபாத்திரமும் கதைப்பின்னலும் சந்திக்கும் இடத்துக்குத் தீர்மானம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஒருவர் முன் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் எதையாவது இழக்க வேண்டியிருக்க வேண்டும். அவர் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் தீர்மானம். மழை பெய்வது, பஸ் கவிழ்வது, லாட்டரி விழுவது எல்லாம் சம்பவங்கள். காபியா டீயா என்பதும் தீர்மானமல்ல, இழப்பு எதுவும் இல்லையே.

தீர்மானத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரிகிறார்: மானம் பெரிதா, பணம் பெரிதா, மகள் பெரிதா என்று அவர் மனதில் உள்ள வரிசை வெளியே வந்துவிடுகிறது. மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கதை நகர்கிறது: அதன் விளைவாக அடுத்த சிக்கல் பிறக்கிறது. ஆகவே ஒரு தீர்மானத்தைச் சரியாக எழுதினால் இரண்டு வேலையும் ஒரே வரியில் முடிகிறது. தனியாகப் பாத்திர வளர்ச்சிக்கு ஒரு அத்தியாயம், கதை நகர ஒரு அத்தியாயம் என்று மாற்றி மாற்றி எழுதத் தேவையில்லை.

இதுவரை: சம்பவம் வெளியிலிருந்து வருகிறது. அதற்கு ஒருவர் எடுக்கும் தீர்மானம் அவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தத் தீர்மானத்தின் விளைவு அடுத்த சம்பவமாகிறது.

பாண்டியன் அவசரப்பட்ட வாசல்

இது நாவலுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. சிலப்பதிகாரத்தை நாமெல்லாம் பள்ளியில் படித்ததால், அதன் கதையை விதி நடத்திச் செல்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். இளங்கோவும் ஊழ்வினை என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஊழ்வினை வந்து இறங்கும் இடங்களைக் கவனித்தால், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருப்பார்.

கொலைக்களக் காதையில் அந்த வாசலைப் பாருங்கள். ஆடல் மகளிரை அரசன் ரசித்ததில் கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று காரணம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அரசன் அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கிப் போகிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து, காணாமல்போன அரசியின் சிலம்பு ஒரு கள்வன் கையில் இருக்கிறது என்கிறான். திருடிய ஆளே அந்தப் பொற்கொல்லன்தான். அரசன் முன் இரண்டு வழிகள். நின்று விசாரிக்கலாம், தேவி இன்னும் கொஞ்ச நேரம் கோபமாக இருப்பாள். விசாரிக்காமல் ஆணையிடலாம், சிலம்போடு போய் அவளைக் குளிர்விக்கலாம். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

இது ஒரு கொடுங்கோலன் செய்த காரியமாக இருந்திருந்தால் காப்பியம் அங்கேயே படுத்திருக்கும். கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், இதிலிருந்து தெறிப்பதோ மாணிக்கம். கொடுங்கோலனாக இருந்தால், "இவளை வெளியே தள்ளுங்கள்" என்றிருப்பான். இவன், "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன்? யானே கள்வன்" என்று சொல்லி அங்கேயே விழுந்து இறக்கிறான். எந்தத் தீர்மானத்தில் தவறினோம் என்பதை அவன் வாயாலேயே துல்லியமாகச் சொல்லிவிடுகிறான் பாருங்கள். மனைவியின் முன் பலவீனமானவன், நீதியின் முன் வளையாதவன். ஒரே ஆளிடம் இந்த இரண்டும் இருந்ததால்தான் கோவலனும் இறந்தான், அரசனும் இறந்தான்.

இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. ஆள்மாற்றுச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காட்சியில் இருக்கும் ஆளை எடுத்துவிட்டு வேறு சுபாவமுள்ள ஒருவரை நிறுத்திப் பாருங்கள். காட்சி அப்படியே நடந்தால், அங்கே உங்கள் கதாபாத்திரம் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. புகார்க் கடற்கரையில் மாதவி பாடுவதைக் கேட்டு, "யாரை நினைத்துப் பாடுகிறாய்?" என்று வாய்விட்டுக் கேட்கக்கூடிய ஒருவனைக் கோவலன் இடத்தில் உட்காரவைத்தால், மதுரைக்குப் போகவேண்டிய அவசியமே வராது.

தற்செயல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அத்தனை பெரிய மதுரையில் கோவலன் போய்ச் சேர்ந்தது அந்தத் திருட்டுப் பொற்கொல்லனிடம் என்பது தற்செயல்தான். நாம் அதை மன்னித்துவிடுகிறோம், ஏனென்றால் அது ஆளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. சிக்கலிலிருந்து காப்பாற்ற வரும் தற்செயலை எந்த வாசகரும் மன்னிப்பதில்லை.

கதை கேட்கும் கேள்வி, ஆள் சொல்லும் பதில்

சேர்த்து வளர்ப்பது என்கிறோமே, அது எழுதும்போது எப்படி நடக்கிறது? மண்டபத்துக்கே திரும்புவோம்.

அப்பா கத்தினார், சமையல்காரர் கிளம்பினார் என்று எழுதிவிட்டீர்கள். மறுநாள் படித்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி வரும்: சாம்பார் ஏன் தீர்ந்தது? கணக்கு எங்கே பிசகியது? சமையல்காரர் அனுபவசாலி, அவர் தப்பாக வைக்க மாட்டார். அப்படியென்றால் அப்பாதான் ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்லியிருக்க வேண்டும். 450 பத்திரிகை கொடுத்தவர் ஏன் 300 பேருக்குச் சமைக்கச் சொன்னார்? பணம் குறைந்திருக்கிறது. எங்கே போனது? மூத்த மகனின் கடனை அடைத்திருக்கிறார், மனைவிக்குத் தெரியாமல்.

இந்த மகனும் கடனும் நோட்டில் முன்கூட்டி எழுதிவைத்த குறிப்பில் இல்லை. கதை ஒரு கேள்வி கேட்டது, பதிலாக ஆளுக்கு ஒரு கடந்த காலம் கிடைத்தது. இப்போது அந்தக் கடந்த காலம் திரும்பிக் கதையைத் தள்ளும். மகன் அதே மண்டபத்தில்தானே இருப்பான்? சமையல்காரர் திட்டு வாங்கும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தானா? தன்னால்தான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தானா? இது அடுத்த தீர்மானம், இந்த முறை வேறொருவருடையது. அம்மாவுக்கு எப்போது தெரியவரும்? அது அதற்கடுத்தது.

கதாபாத்திரக் குறிப்பேடு ஏன் பெரும்பாலும் வீணாகிறது என்பதும் இதில் தெரியும். அதில் இருப்பவை யாரும் கேட்காத கேள்விகளுக்கான பதில்கள். பெண்ணின் அப்பாவுக்குப் பிடித்த நிறம் என்ன என்று இந்தக் கதை கேட்கவே இல்லை. குறிப்பேடே கூடாது என்று சொல்ல வரவில்லை; வயது, ஊர், உறவுமுறை எல்லாம் எழுதிவைத்தால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அத்தை சித்தியாகிவிடாமல் இருக்கும். அது ஞாபகத்துக்காக எழுதும் குறிப்பு, அவ்வளவுதான்.

டால்ஸ்டாய் முடிவிலிருந்து தொடங்கினார்

முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டால், கதாபாத்திரம் அதற்கு அடிமையாகிவிடாதா என்று ஒரு சந்தேகம் வரும். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் அன்னா கரீனினா நாவல் எழுதப்பட்ட விதம் இதற்கு நல்ல பதில்.

1872 ஜனவரியில், டால்ஸ்டாய் வாழ்ந்த யாஸ்னயா போல்யானாவுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் ஒரு பெண் சரக்கு ரயில் முன் விழுந்து இறந்தாள். அருகிலிருந்த நிலக்கிழார் ஒருவரோடு வாழ்ந்தவள். அவர் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறார் என்று தெரிந்ததும் இப்படிச் செய்தாள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். 1873 மார்ச்சில் நாவலைத் தொடங்கினார். ஆக, நாயகியின் முடிவு அவருக்கு ஒருவிதத்தில் முன்பே கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த முடிவுக்குப் போய்ச் சேரும் பெண் யார் என்பது அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆரம்ப வரைவுகளில் வரும் நாயகி கவர்ச்சியோ நயமோ இல்லாதவள். பரிதாபத்துக்குரிய நல்லவன் கணவன்தான். அந்த ஆட்களை வைத்து எழுதியிருந்தால், தவறு செய்தவள் தண்டனை பெற்றாள் என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். எழுதி எழுதித் திருத்தியபோது அன்னா ஆழமானாள். கணவன் கரீனின் வெறும் நல்லவனாக இருப்பதை விட்டுச் சிக்கலானவரானார். இன்னொரு முக்கியப் பாத்திரமான லெவினின் கதை பின்னால் வந்து சேர்ந்து நாவலில் ஏறக்குறைய பாதியாக வளர்ந்தது. ரயில் அப்படியே இருந்தது. அவள் அங்கே வந்து நிற்பதற்கான காரணம் முழுக்க மாறிவிட்டது.

நாவல் 1875 முதல் 1877 வரை ருஸ்கி வெஸ்ட்னிக் என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. 1876-இல் அவர் நண்பர் ஸ்ட்ராகவுக்கு எழுதிய ஒரு கடிதம் இந்த விஷயத்தில் தங்கம். அன்னாவின் கணவரைச் சந்தித்த பிறகு அவள் காதலன் விரான்ஸ்கி என்ன ஆனான் என்ற அத்தியாயத்தை எழுதிமுடித்து நெடுநாளாகிவிட்டது; அதைத் திருத்த உட்கார்ந்தபோது, தான் எதிர்பாராமலே, ஆனால் துளியும் சந்தேகமில்லாமல், விரான்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொள்ளப் போனான்; இப்போது பார்த்தால் பின்னால் வருவதற்கு அது அவசியமாக இருக்கிறது என்கிறார்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, கதாபாத்திரங்கள் தாமாகவே நடந்துகொள்கின்றன" என்று சொல்பவர்கள் உண்டு. மாயம் எதுவும் இல்லை. அன்னா சாகக்கிடக்கிறாள், கணவர் வந்து அவளையும் மன்னிக்கிறார், அவள் காதலனையும் மன்னிக்கிறார். விரான்ஸ்கியோ கௌரவத்தையே உடுப்பாக அணிந்த ராணுவ அதிகாரி. எதிரி சண்டைக்கு வந்திருந்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியும். மன்னித்துவிட்டால்? அதுவரை அவன் எடுத்த ஒவ்வொரு தீர்மானத்தையும் கூட்டிப் பார்த்தால், அந்த அவமானத்திலிருந்து வெளியேற அவனுக்குத் தெரிந்த வழி அநேகமாக அது ஒன்றுதான். பல நூறு பக்கம் அவனோடு இருந்த டால்ஸ்டாயின் கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. அவன் பிழைத்துக்கொள்கிறான். அதன் பிறகு உத்தியோகத்தை உதறிவிட்டு அன்னாவோடு வெளிநாடு போவதை நாம் நம்புவதும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான்.

சுருக்கமாக: முடிவு முன்பே தெரிவதில் ஆபத்து இல்லை. அந்த முடிவுக்கு முதலில் தோன்றிய காரணத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து.

எங்கிருந்து தொடங்கலாம்

உங்களிடம் ஒரு சம்பவம் இருந்தால், இது யாருக்கு மிக அதிகமாக நோகும் என்று கேளுங்கள். சாம்பார் தீர்வது கோடீஸ்வரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஊரெல்லாம் கடன் சொல்லி, பெயர் கெடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது பூகம்பம்.

உங்களிடம் ஓர் ஆள் மட்டும் இருந்தால், அவர் இத்தனை நாள் ஒத்திப்போட்டு வந்தது எதை, இனி ஒத்திப்போட முடியாமல் செய்யக்கூடியது எது என்று கேளுங்கள். உதாரணமாக, கல்யாணம் ஆகாமல் அப்பாவின் வீட்டிலேயே தையல் தைத்துக் காலம் தள்ளும் ஒரு அக்கா. தம்பி எது கேட்டாலும் "சரிப்பா" என்று சொல்லியே பழகியவர். தம்பி வீட்டை விற்க ஏற்பாடு செய்து, அக்கா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டான். சார்பதிவாளர் அலுவலகம். டோக்கன் நம்பர் கூப்பிட்டாகிவிட்டது. "முடியாது" என்று அவரால் சொல்லிவிட முடியுமா? சொன்னால் நமக்கே நம்பிக்கை வராது. வழக்கம்போல் கையெழுத்துப் போட்டால் நாவல் அங்கேயே முடிந்தது.

கைப்பையைத் துழாவிவிட்டு அக்கா சொல்கிறார்: "கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன் தம்பி."

"படிக்க என்னக்கா இருக்கு? நான்தான் சொல்றேன்ல, போடு."

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதன்னு அப்பா சொல்லுவாரே."

மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவர் சுபாவத்துக்கு எட்டக்கூடிய எல்லை அதுதான். ஆனால் இதுவரை போகாத தூரம் போயிருக்கிறார். கதையும் நகர்ந்துவிட்டது: அன்றைக்குப் பதிவு நடக்காது, வீடு வாங்க வந்தவர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார், அந்தப் பணத்தைத் தம்பி ஏற்கெனவே செலவழித்திருக்கலாம். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அக்காவின் பையில் கண்ணாடி இருப்பதைத் தம்பி பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் பாடு.

கதாபாத்திரம் கட்டாயம் மாற வேண்டும் என்று ஒரு விதி உலவுகிறது. அக்கா கடைசி அத்தியாயத்தில் மேடையேறி முழங்க வேண்டியதில்லை. தீர்மானங்களின் விலை கூடிக்கொண்டே போனால் போதும். மாறுவதும் மாறாமல் உடைவதும் அவர் யார் என்பதைப் பொறுத்தது.

பாதி வழியில் ஆள் மாறிவிட்டால்

எழுதிக்கொண்டிருக்கும்போது, ஐந்தாம் அத்தியாயத்து அக்காவும் பதினைந்தாம் அத்தியாயத்து அக்காவும் வேறு வேறு ஆட்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அநேகமாகப் பின்னவர்தான் நிஜமான அக்கா. பத்திரிகையில் தொடர் எழுதுபவருக்கு அச்சாகிவிட்டதை மாற்ற வழியில்லை. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் உடனே திரும்பிப் போய் முதலிலிருந்து திருத்தாதீர்கள், அதில் மாட்டிக்கொண்டால் நாவல் முடியவே முடியாது. ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். முதல் வரைவு முடிந்ததும் ஒரு தாளில் அத்தியாய எண் போட்டு, எதிரே யார் என்ன தீர்மானித்தார், அதற்கு என்ன இழந்தார், அதனால் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய அக்கா எடுத்த தீர்மானங்கள் எவை என்று அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். திருத்த வேண்டியவை அவைதான், மொத்த நாவலும் அல்ல.

அந்தத் தாளில் சில அத்தியாயங்களுக்கு எதிரே எழுத ஒன்றுமே இருக்காது. ஒன்று இருந்தால் பரவாயில்லை, வாசகருக்கு மூச்சு விட இடம் வேண்டும். அடுத்தடுத்து மூன்று இருந்தால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டிருப்பார்.